எண்ணிக்கொண்டே கழிந்த ஒரு பகல்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. மராட்டியர்களின் ராணுவ கேந்திரங்கள் என்று யுனெஸ்கோ ஒருசேர அங்கீகரித்த 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமன்று. இனி மாநிலத்தின் நாலா திசைகளிலிருந்தும் பள்ளிக்கூடத்துப் பேருந்துகள் அந்த மதிலடியில் வந்து நிற்கும் என்று எண்ணி மகிழ்ந்துகொண்டிருக்கையிலேயே, கோட்டையின் ராஜகிரிக் குன்றின் படிக்கட்டுகளில் சீருடை அணிந்த குழந்தைகள் வரிசை கலைந்து ஏறிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டு நிற்கும் காட்சி என் கண்முன் வந்தது. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த எண்ணிக்கையின் பாரம் எவ்வளவு என்பது அநுபவத்தில் தெரியும். அதைப் பற்றிப் பொதுமக்களிடமும், கல்வித் துறையை நடத்துகிறவர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் பல காலமாக என் மனத்தில் இருந்துவருகிறது.

செஞ்சியின் புகழை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் செஞ்சியிலிருந்து தெற்கே அனந்தபுரம் வழியாகச் சென்று, பரந்த ஓர் ஏரியின் ஓரத்தில் அதிக உயரமில்லாத பாறைக் குன்றாக நிற்கும் பனமலையைப் பற்றி, அதற்குப் பத்துக் கல் தொலைவில் பிறந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரிவதில்லை. கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராக ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வரும் நந்தன் கால்வாய் கடைசியாக வந்து சேரும் ஏரி அது. அந்தக் குன்றின் உச்சியில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சியில் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய அதே ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. தாளம் என்றால் வடமொழியில் பனை. பனைமலை ஈசனே தாளகிரீசுவரன் ஆனான். அந்தக் கோயிலின் வடபுறத்துச் சிறு சந்நிதிக்குள், மேற்பூச்சு உதிர்ந்து திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும் சுவர் ஒன்றில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துப் பின்புறம் ஊன்றி, மகுடம் அணிந்த தலையை மெல்லச் சாய்த்து, தன் நாயகனின் நர்த்தனத்தைப் பார்த்து நிற்கும் உமாதேவியின் ஓவியம் இருக்கிறது. ஆடிய பெருமானின் உருவம் காலத்தால் கரைந்து சில கோடுகளாகிவிட்டது. அதைப் பார்த்து நின்றவளின் முகம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல்லவர் காலத்து வர்ணச் சித்திரம் என்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே என்பதை நினைத்தால், இந்த ஒரு முகத்தின் அருமை விளங்கும். இதை அறிஞர் உலகத்துக்குத் தெரிவித்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ராய், புதுச்சேரியில் விஞ்ஞானம் போதித்த ஆசிரியர் என்பதும், வகுப்பில்லாத நாட்களில் இந்தப் பிரதேசத்துக் குன்றுகளைத் தேடித் திரிந்தவர் என்பதும் ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெருமை தரும் விஷயங்கள்.

பல்லவர் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் நடத்திவிட்டு, மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, இந்தக் குழந்தைகளின் வீட்டு வாசலிலேயே கிடக்கும் பல்லவச் சித்திரத்தை அவர்கள் கண்ணில் காட்டாமல் இருப்பது, விளைந்த நிலத்துக்குச் சொந்தக்காரனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு தை மாதத்தில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஏழாம் எட்டாம் வகுப்புகளைச் சேர்ந்த 46 பிள்ளைகளைக் காலையில் பனமலைக்கும் பிற்பகலில் செஞ்சிக்கும் அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தேன். தீர்மானிப்பது சுலபம். தலைமை ஆசிரியரின் இசைவு, மேலதிகாரியின் அநுமதி, வேன்காரரிடம் உரிமம், காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்கள், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெற்றோரிடமிருந்தும் ஒப்புதல் கடிதம் என்று மூன்று வாரங்கள் கழிந்தன. அந்த ஒப்புதல் கடிதங்களை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பலவற்றில் கையெழுத்து, சிலவற்றில் கைநாட்டு. ஒரு தாயார் கரும்பு வெட்டப் போகிற வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ள சார். பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடுவீங்க இல்ல?" என்று கேட்டார். உட்டுடுறேன் அம்மா என்றேன். அந்தக் காகிதத்தில் அச்சடித்திருந்த வாசகங்கள் எல்லாவற்றையும் விட அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கட்டியது.

புறப்பட்ட அன்று காலை ஆறரை மணிக்கு இரண்டு வேன்கள் பள்ளி வாசலில் வந்து நின்றன. நானும், கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியையுமாக இரண்டே பேர். மூன்றாவதாக வருவதாக இருந்தவருக்கு முந்தின நாள் இரவு தேர்தல் சம்பந்தமான பயிற்சிக்கு உத்தரவு வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சத்துணவுக் கூடத்து அம்மாள் விடியற்காலையில் வந்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, இரண்டு தூக்குகளில் அமுக்கி வைத்திருந்தார். பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய, பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டையை உள்ளே போட்டு அதன்மேல் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை. 25 பையன்கள், 21 பெண்பிள்ளைகள். ஏறும்போது ஒரு முறை எண்ணினேன். வண்டி புறப்பட்டதும் மறுபடியும் எண்ணினேன். வழியில் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஆசிரியை எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்துக்கொண்டும், பையை நீட்டிக்கொண்டும், ஒருத்தியின் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டும் வந்தார். இறங்கியதும் எண்ணினேன், 46.

பனமலைக் குன்று ஏறுவதற்குக் கடினமானதன்று. பெரியவர்கள் மெதுவாக ஏறினாலும் விரைவில் உச்சியை அடைந்துவிடலாம். ஆனால் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியனுக்கு எந்தக் குன்றும் சிறியதன்று என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இரண்டு பக்கத்திலும் வழுவழுப்பான பாறைச் சரிவு. அதன் அடியில், மழைக்காலம் முடிந்து கரை தொட்டு நிறைந்த ஏரி, காலை வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. கோயிலின் சிங்கத் தூண்களைக் காட்டி, அடித்தளத்தில் வரிவரியாகப் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கும் வடமொழிச் சுலோகங்களைக் காட்டி, "இது என்ன பாஷை தெரியுமா?" என்று ஒரு குழுவிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கையில், என் கண் அந்த எழுத்தின் மேல் இல்லை, பின்பக்கத்துப் பாறை விளிம்புக்குப் போகிற நான்கு பையன்களின் முதுகின் மேல் இருந்தது. விசிலை ஊதினேன். திரும்பி வந்தார்கள். எண்ணினேன். பாதியில் விட்ட வாக்கியத்தை எங்கே விட்டேன் என்பது நினைவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதன் பிறகு நடந்தது. அந்த ஓவியம் இருக்கும் சந்நிதி சிறியது. ஒரே சமயத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் உள்ளே நின்று பார்க்க முடியாது. ஆகையால் குழு குழுவாக உள்ளே அனுப்பி, ஒவ்வொரு குழுவுக்கும் நானே அந்த மகுடத்தையும், குடையையும், மடித்த காலையும் சுட்டிக்காட்டி, இந்தச் சுவரில் ஈரம் காய்வதற்குள்ளும் காய்ந்த பிறகும் வர்ணம் தீட்டும் முறைகளைச் சொல்லி, அழிந்துபோன நடராஜரின் கோடுகளை விரலால் காற்றில் வரைந்து காட்டுவதென்று ஒரு மாதமாக மனோரதம் வைத்திருந்தேன். நான் உள்ளே போனால் வெளியே 40 பிள்ளைகளுக்கு ஒருவரே காவல். ஆசிரியையோ உடம்புக்கு முடியாத பெண்ணுடன் படிக்கட்டின் அடியிலேயே தங்கிவிட்டார். ஆகவே நான் வாசற்படியிலேயே நின்று, ஒரு கண்ணை வெளியே வைத்துக்கொண்டு, "அதோ பாருங்கள், அம்மன், பல்லவர் காலம், தொடாதீர்கள், வெளியே வாருங்கள், அடுத்தவர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாணவி மாத்திரம் வெளியே வரும்போது, "சார், அந்த அம்மா எதைப் பாத்துக்கினு நிக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் ஒரு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் கீழேயிருந்து ஆசிரியை கையை உயர்த்திக் காட்டினார். ஒரு பையன் குறைகிறான். எண்ணிக்கை 45.

அடுத்த இருபது நிமிஷங்களை விவரிக்க எனக்கு இன்றும் மனம் துணியவில்லை. பிள்ளைகள் எல்லோரையும் மண்டபத்து நிழலில் உட்கார வைத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவரைக் கேட்டேன். தண்ணீர் ஓரத்தில் ஏதாவது செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போன அந்தக் கால்மணி நேரத்தில், கைநாட்டு வைத்த அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றும் என் மார்பின் மேல் கல்லாக வந்து விழுந்தன. பையன் ஊருக்குள்ளிருந்து வந்தான். அவனுடைய அத்தை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தாகம் எடுத்தது, அத்தை வீடு தெரியும், போனான். அவனுக்குப் பின்னால் அந்த அம்மாளும் இடுப்பில் ஒரு தவலை மோருடன் வந்தாள். "கோச்சுக்காதீங்க வாத்தியாரே, எங்க அண்ணன் புள்ள. எல்லாப் புள்ளைங்களும் வெயில்ல வந்திருக்குதுன்னு சொல்லிச்சு" என்றாள். நான் அவனை அடிக்கவில்லை. அதட்டக்கூட நா எழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு டம்ளரால் 46 பேருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்து, ஏறிய வழியிலேயே எல்லோரையும் ஜாக்கிரதையாக இறக்கி, வேனில் ஏறும் வரைக்கும் கூடவே நின்றாள். அன்றைய தினத்தில் அந்த அரைமணி நேரம் ஒன்றுதான் நான் எண்ணாமல் இருந்தேன்.

செஞ்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெயிலின் உக்கிரத்தாலும், காலையில் அடைந்த பீதியாலும், ராஜகிரியின் மேல் ஏறும் திட்டத்தைக் கைவிட்டேன். உச்சியை நெருங்கும் இடத்தில் ஆழமான பிளவும் அதன் மேல் ஒரு பாலமும் இருப்பதை அறிந்தவர்கள் என் முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள். கல்யாண மஹாலையும் தானியக் களஞ்சியத்தையும் கீழேயிருந்தே பார்த்தோம்; எலுமிச்சம்பழச் சாதத்தில் ஒரு பங்கு குரங்குகளுக்குப் போயிற்று. ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பிடாமல் விட முடியாது. பெண்பிள்ளைகள் பலர் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார்கள் என்பதை ஆசிரியை பிற்பகலில்தான் கண்டுபிடித்தார். குடித்தால் ஒதுங்க வேண்டும்; ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்று வீட்டிலேயே அவர்களுடைய தாய்மார்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அத்தை கொடுத்த மோரைக்கூடப் பாதி பேர் உதட்டில் வைத்துவிட்டுப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தை மாத வெயிலில், பாறையின் மேல், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் குழந்தைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு சரித்திரம் பார்க்க வந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு இன்னமும் வேகிறது.

பொழுது சாய்வதற்குச் சற்று முன்பாகவே திரும்பிவிட்டோம். பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒப்படைத்து, கடைசிப் பையனின் தகப்பனார் வேலையிலிருந்து வரும் வரை பள்ளி வாசலில் காத்திருந்து, நான் வீடு சேரும்போது இரவு எட்டரை மணி. நாட்குறிப்பில் அன்று எழுதியதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன்: எண்ணியது 23 முறை, ஓவியத்தைப் பற்றிப் பேசியது நான்கு நிமிஷம். அந்த மாணவியின் கேள்விக்கு மறுநாள் வகுப்பில் பதில் சொன்னேன். ஆனால் அந்த முகத்தின் எதிரில் நின்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைக் கரும்பலகையின் எதிரில் நின்று சொன்னேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லவில்லை. என்னை ஒருவரும் தடுக்கவில்லை, தைரியம் இல்லாமற்போயிற்று.

என் பையன் அத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தான். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை. 2023 பிப்ரவரி 15 அன்று, புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றிலிருந்து கால்பந்து விளையாட அழைத்துச் செல்லப்பட்ட மாணவிகளில் நான்கு பேர், மாயனூரில் காவிரியில் இறங்கியபோது மூழ்கி இறந்தார்கள். 2007 பிப்ரவரியில் கேரளத்தில் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து, பள்ளிச் சுற்றுலா வந்த குழந்தைகளும் ஆசிரியைகளுமாக 18 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவில் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு மிதவைச் சட்டைகூடக் கொடுக்கப்படவில்லை. இந்தச் செய்திகளைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் பெற்றோர்கள் அந்தப் பெற்றோர்களின் ஸ்தானத்தில் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள்; அது இயல்பு. ஆசிரியர்களாகிய நாங்களோ அந்தப் பெற்றோர்களின் ஸ்தானத்திலும், இறந்த ஆசிரியைகளின் ஸ்தானத்திலும், பிழைத்து வந்து காலமெல்லாம் அந்தத் தண்ணீரைக் கண்ணில் சுமக்கிறவர்களின் ஸ்தானத்திலும் எங்களை வைத்துப் பார்க்கிறோம். கவனக்குறைவாக இருந்த ஆசிரியருக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னால் எந்தச் சமாதானமும் நிற்காது. ஆயினும், ஒவ்வொரு துர்ச்சம்பவத்துக்குப் பிறகும் ஆசிரியரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டு, சுற்றுலாக்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்துவிட்டது என்று கருதும் மனோபாவத்தை நான் கண்டிக்கிறேன். தண்டனைக்குப் பயந்து வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆசிரியர்களால் ஒரு குழந்தையும் பத்திரமாகிவிடவில்லை. அந்தக் குழந்தை ஞாயிற்றுக்கிழமை தானாகவே அதே ஏரிக்குப் போகிறது, அப்போது எண்ணுவதற்கு ஒருவரும் இல்லை.

இங்கிலாந்தில் 1993 மார்ச் மாதத்தில் லைம் வளைகுடாவில் கடலில் சிறு தோணிகள் செலுத்தப் போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தேசம் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவிடவில்லை. தோணி விட அழைத்துச் சென்ற அந்தப் பயிற்சி நிலையத்தின் தகுதி என்ன, அங்கே வழிகாட்டிகளாக இருந்தவர்களின் பயிற்சி என்ன என்று கேட்டது. நிலையத்தை நடத்தியவரைச் சிறைக்கு அனுப்பியது. 1995-இல், இளைஞர்களுக்கு இத்தகைய சாகசப் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் உரிமம் பெற்றாக வேண்டும் என்று பார்லிமெண்டில் சட்டம் இயற்றியது. குழந்தைகளை வரவேற்று நடத்துகிற இடத்துக்கும் பொறுப்பு உண்டு என்ற தத்துவத்தை அந்தச் சட்டம் நிலைநாட்டிற்று. ஜப்பானிலோ 1886-இலேயே தோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிக் கூடத்து மாணவர்களிடம் தொடங்கிய கல்வி யாத்திரை, இன்று பள்ளிப் படிப்பின் அங்கமாகவே இருந்துவருகிறது. பாடத்திட்டத்தில் அதற்கென்று ஸ்தானம் உண்டு. நம் நாட்டிலும் கொள்கைக்குப் பஞ்சமில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், பள்ளியில் பெறும் அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையுடன் இணைப்பதையே முதலாவது கோட்பாடாக வைத்தது. அந்த இணைப்பை யார் செய்வது, எத்தனை பேர் சேர்ந்து செய்வது, எந்தச் செலவில் செய்வது என்ற கேள்விகள் வந்தவுடன்தான் எல்லாம் ஓர் ஆசிரியரின் தலையில் வந்து இறங்குகிறது.

என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். களப்பயணம் என்பது ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தம் கைப்பணத்தையும் நித்திரையையும் செலவழித்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரமாக இருக்கிற வரையில் அது நடக்கவும் நடக்காது, நடந்தாலும் பத்திரமாக நடக்காது. எண்ணுகிறவர் கற்பிக்க முடியாது. கற்பிக்கிறவர் எண்ண முடியாது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் இல்லாமல் எந்தப் பயணமும் புறப்படக் கூடாது என்பதை விதியாகவே வைக்கலாம். ஆனால் அந்தப் பெரியவர்களை முந்தின நாள் இரவு வேறு வேலைக்கு அழைத்துக்கொள்ள மாட்டோம் என்பதும் அதே விதியில் இருக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு ஒரு வாரம் முன்பாக ஆசிரியர் அந்த இடத்துக்குத் தாம் போய், தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, சரிவு எங்கே, அருகில் ஆஸ்பத்திரி எங்கே என்று பார்த்துவருவதைப் பணி நாளாகக் கணக்கிட வேண்டும். நான் அப்படிப் போய்ப் பார்த்திருந்தால், மூன்றாவது ஆள் இல்லாமல் பனமலையில் ஏறியிருக்க மாட்டேன். அது என் பிழைதான்.

தொல்லியல் துறைக்கும் ஒரு வார்த்தை. ஒரு சின்னம் பாதுகாக்கப்பட்டது என்று நீலப் பலகை வைப்பது மிகவும் நல்ல காரியம். அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்த குழந்தை அதன் முன்னால் ஒரு மணி நேரம் நிற்பதற்கு வேண்டிய சௌகரியமும் பாதுகாப்பின் பகுதியே. பெண்பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு வரவேண்டாத ஒரு கழிப்பறை, சரிவின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, பள்ளிகள் வரும் நாட்களிலாவது அந்த இடத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசத் தெரிந்த ஒருவர் ஆகிய இவை செஞ்சிக்கு வேண்டும் என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். யுனெஸ்கோவின் பார்வை படாத பனமலைக்கும், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுப்பித்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்த மண்டகப்பட்டுக்கும், தளவானூருக்கும் அவை வேண்டும். வெகுதூரத்துப் பிள்ளைகள் செஞ்சிக்கு வருவார்கள். இந்தச் சிறிய இடங்களுக்கு வரப்போகிறவர்கள் பக்கத்துக் கிராமங்களின் அரசுப் பள்ளிக் குழந்தைகள்தாம்.

கடைசியாக, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கிற தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது உங்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை அறிந்தே கேட்கிறேன்; அந்தக் கூலியைப் பயணச் செலவில் சேர்த்துக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை என்றும் சொல்கிறேன். பனமலையில் தவலை மோருடன் வந்த அந்த அம்மாள் எந்தப் பயிற்சியும் பெற்றவளல்லள். எந்தச் சுற்றறிக்கையும் அவளுக்கு வரவில்லை. 46 பிள்ளைகளையும் அவள் பத்திரமாக இறக்கினாள். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து கடிதம் வரும்போது, அதில் கையெழுத்து வைத்துவிட்டு, "நானும் வரலாமா சார்?" என்று கேளுங்கள். வண்டியில் உங்களுக்கு இடம் வைத்துக் காத்திருக்கும்படி ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.